தங்கப்பழம் முதுகில் சுமந்த பவளப்பாசி

ஒரு கண்ணாடித் தொட்டியில் ஒரு கோமாளி மீனும், ஒரு நத்தையும், ஒரு கடல் முள்ளெலியும் குடியிருந்தன. தொட்டி தூத்துக்குடியில் ஒரு பல் டாக்டரின் முன்னறையில் இருந்தது. உள்ளே இருந்தது உப்புத் தண்ணீர். ஆகவே மூன்றும் அதைக் கடல் என்றே சொல்லிக்கொண்டன. அந்தக் கடலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கோமாளி மீன் ஒரே மூச்சில் போய்விடும் என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கோமாளி மீனின் பெயர் பர்னாந்து. முன்கண்ணாடி ஓரமாகவே சுற்றுவான். முன்னறையில் காத்திருப்பவர்கள் பேசுவதையெல்லாம் கேட்டு உள்ளே வந்து சொல்வான். நத்தையின் பெயர் இசக்கி. அவள் பேசமாட்டாள், எந்நேரமும் எதையாவது தின்றுகொண்டிருப்பாள். கடல் முள்ளெலியின் பெயர் மாடத்தி. உடம்பெல்லாம் முள். வாய் வயிற்றுக்கு அடியில் இருந்தது. வாயில் ஐந்து பல். பல் டாக்டர் வீட்டில் இருந்தும் அந்த ஐந்துக்கும் ஒரு வைத்தியமும் தேவைப்படவில்லை.

தொட்டிக்குள் கற்கள் இருந்தன. கடையில் காய்ந்த கல்லாக வாங்கி, தேய்த்துக் கழுவிப் போட்டவை. முதலில் வெள்ளையாக இருந்தன. பிறகு பச்சையாக வழவழவென்று ஏதோ படிந்தது. இசக்கியும் மாடத்தியும் தின்னத் தின்ன மறுபடி படிந்தது. முன்னறையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, கல்லிலேயே இவ்வளவு ஊத்தை இருந்தால் நம் பல்லை என்னமாய் சுத்தம் பண்ணப்போகிறார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அது டாக்டர் காதிலும் விழுந்தது.

டாக்டரின் பெயர் ஜெயசீலி. அவர் ஆசைப்பட்டது பவளப்பாசிக்கு. கடலடிப் பாறைகளில் ரோஜாவும் கத்தரிப்பூவும் கலந்த நிறத்தில் ஒட்டிப் படர்வது அது. பெயர்தான் பாசி, தொட்டால் கல் மாதிரி இருக்கும். அது படர்ந்த இடத்தில் பச்சை வழவழப்பு அவ்வளவு சுலபத்தில் காலூன்றாது. நாள் முழுக்க ஊரார் பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கிற டாக்டர், மிச்ச நேரத்தில் தன் தொட்டிக் கல்லில் ஒரு காரை படியமாட்டேன் என்கிறதே என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். இது வேடிக்கையாக இருக்கிறதே என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை.

செய்யவேண்டியதை எல்லாம் அவர் செய்தார். உப்பைச் சரியாக வைத்திருந்தார். விளக்கை அளவாகப் போட்டார். வாய் கழுவுகிற பெரிய ஊசிக்குழாயில் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து, காலைதோறும் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விட்டார். ஒன்றும் படரவில்லை. விதையே போடாத வயலுக்கு உரம் போட்டால் என்ன முளைக்கும்?

கடைசியில் அலங்கார மீன் கடைக்காரரிடம் போய்ச் சொன்னார். கடைக்காரர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, ஒரு பாலிதீன் பையில் தங்கப்பழத்தைப் போட்டுக் கட்டிக்கொடுத்தார்.

தங்கப்பழம் ஒரு துறவி நண்டு. காலியாகக் கிடக்கும் சங்கு ஓட்டுக்குள் புகுந்து அதையே வீடாக்கிக்கொள்ளும் இந்த வகை நண்டுக்குத் துறவி என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியவில்லை. தங்கப்பழம் எதையும் துறந்ததாகத் தகவல் இல்லை. அவன் குடியிருந்த ஓடு கடலிலிருந்து வந்தது. அதன் மேல் ஓர் இடம் விடாமல் பவளப்பாசி பூசியது போல் படிந்திருந்தது.

இவனைத் தொட்டியில் விட்டால் போதும், இவன் முதுகிலிருந்து உதிர்வது கல்லுக்குக் கல் தொற்றிக்கொள்ளும் என்று கடைக்காரர் டாக்டரிடம் சொன்னார். பைக்குள் இருந்த தங்கப்பழத்துக்கும் அது நன்றாகவே கேட்டது. ஆனால் அதை வியாபாரப் பேச்சு என்று விட்டுவிட்டான். அவன் கவனித்தது வேறு. டாக்டர் பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, அவன் ஓட்டையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டருக்கு வேண்டியது பவளப்பாசி. பவளப்பாசி இருப்பது தன் முதுகில். ஆகவே அதற்கு ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் தன் உத்தியோகம் என்று வீடு வந்து சேருமுன்பே முடிவு கட்டிவிட்டான்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். துறவி நண்டால் தன் முதுகைப் பார்க்க முடியாது. தன் ஓட்டின் அழகு தங்கப்பழத்துக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். அதனால் அதை அடிக்கடி யாராவது சொல்லவேண்டியிருந்தது.

சொன்னார்கள். வந்த அன்றைக்கே பர்னாந்து அவனை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அண்ணாச்சி முதுகு சாயங்கால வானம் மாதிரி இருக்கிறது என்றான். இசக்கிகூடத் தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். தங்கப்பழம் பணிவாக இருப்பது போல் காட்டிக்கொண்டு, இன்னொரு பக்கமும் தெரியட்டும் என்று திரும்பி நின்றான்.

மாடத்தி மெதுவாக ஊர்ந்து பக்கத்தில் வந்தாள்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீய. உங்க ஓட்டுல கொஞ்சம் மேஞ்சுக்கிடட்டுமா?" என்றாள்.

தங்கப்பழம் சடக்கென்று ஓட்டுக்குள் போய்விட்டான். கொடுக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

மாடத்தி பொறுமையாக விளக்கினாள். "நான் திங்கது பாதி, சிந்துறது பாதி. சிந்துனது தண்ணியோட போயி எங்கயாவது ஒட்டும். ஒட்டுன இடத்துல வளரும். எங்க பாறையில அப்படித்தான். நான் சுரண்டுன இடத்தைச் சுத்தி எல்லாம் ரோஸ் கலருதான்."

"திங்க வந்தவ சொல்லுத காரணம் நல்லாத்தான் இருக்கும்" என்றான் தங்கப்பழம் உள்ளேயிருந்து.

அவன் சந்தேகப்பட்டதிலும் தப்பில்லை. மாடத்திக்குப் பசியும் இருந்தது. பச்சை வழவழப்பையே தின்று அவளுக்கு நாக்குச் செத்துப்போயிருந்தது. நல்ல காரணமும் பசியும் சேர்ந்து வந்து நின்றால், எதிரில் இருப்பவன் கண்ணுக்குப் பசி மட்டும்தான் தெரியும்.

அன்றிலிருந்து தங்கப்பழத்துக்கு நிம்மதி போயிற்று. மாடத்தி எங்கே இருக்கிறாள் என்று பார்த்துப் பார்த்து நடந்தான். முதுகு உரசிவிடும் என்று கற்களுக்கு நடுவே போவதை விட்டான். பம்பிலிருந்து வரும் நீரோட்டம் எதையாவது அடித்துக்கொண்டு போய்விடும் என்று அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் தொட்டியின் மூலையில் பெரிய கல்லுக்கு அடியில் ஒரு பொந்து இருப்பதைக் கண்டுபிடித்தான். மாடத்தியின் முள் அந்த வாசலில் நுழையாது. முதுகை உள்ளே தள்ளி, வாசலில் கொடுக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அங்கே வெளிச்சம் இல்லை. அது ஒரு குறையாக அவனுக்குப் படவில்லை. விலை உயர்ந்ததை யாரும் வெயிலில் வைப்பதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஒருநாள் பர்னாந்து பதறிக்கொண்டு வந்தான். முன்கண்ணாடியில் கேட்டுவந்த செய்தி அது. டாக்டர் கடைக்காரரிடம் போனில் பேசினாராம். கிறிஸ்துமஸுக்கு முன்னறைக்கு வெள்ளையடிக்கப் போகிறார்களாம். அதற்குள் கல்லில் பவளப்பாசி பிடிக்காவிட்டால் தொட்டியைக் காலி செய்துவிடுவாராம். உயிர்களைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டுமாம். தொட்டி இருந்த இடத்தில் ஒரு டிவி வருமாம்.

கடை எப்படி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே பெரிய மீனும் சின்ன மீனும் ஒரே தொட்டியில் கிடக்கும். காலையில் பார்த்தால் சின்ன மீன்கள் குறைந்திருக்கும். ஏன் குறைந்தது என்று பெரிய மீன்களை யாரும் கேட்பதில்லை. பர்னாந்து ஒல்லியான மீன். அவனுக்குத்தான் பயம் அதிகம்.

வெளியே வந்து கற்களின் மேல் கொஞ்சம் உரசி நடக்கும்படி அவன் தங்கப்பழத்தைக் கெஞ்சினான். இல்லாவிட்டால் மாடத்தியையாவது ஒரு வாய் வைக்க விடச் சொன்னான்.

தங்கப்பழம் நிதானமாகத் தன் திட்டத்தைச் சொன்னான். ஆபத்து வந்திருக்கிறது, ஆகவே இருப்பதை இன்னும் பத்திரமாக வைக்கவேண்டும். டாக்டர் கடைசியாக ஒருமுறை தொட்டியைப் பார்க்க வருவார். அப்போது அவன் வெளியே வந்து விளக்கடியில் நிற்பான். குறையாத, கீறல் விழாத பவளப்பாசியைப் பார்த்ததும் அவர் மனசு மாறிவிடும். அதுவரை ஒரு துளியும் வீணாகக் கூடாது. "நான் இங்க கெடக்கது எனக்காகவா? உங்க எல்லாருக்காகவும்தான்" என்று முடித்தான்.

பர்னாந்துக்கு அதிலும் ஒரு நியாயம் இருப்பது போல் பட்டது. தங்கப்பழம் பேசினால் அப்படித்தான் படும். அவன் திரும்பிப் போனதோடு நிற்காமல், டாக்டர் போடுகிற தீனியில் ஒரு பங்கை வாயில் கவ்விக் கொண்டுவந்து பொந்து வாசலில் வைத்துவிட்டும் போனான்.

இத்தனை பேருக்காக இருட்டில் கிடக்கிறோமே என்று நினைத்தபோது தங்கப்பழத்துக்குக் கண் கலங்கியது. உப்புத் தண்ணீரில் கண் கலங்கினால் வெளியே தெரியாது. அவனுக்கு அந்த ஒரு வருத்தம் இருந்தது.

மாடத்தி ஒருமுறை வாசல்வரை வந்தாள். பாசிக்கு வெளிச்சம் வேண்டும், இருட்டில் கிடந்தால் செத்துப்போகும் என்று சொன்னாள். வெளியே இழுக்க இவள் போடுகிற தூண்டில் இது என்று நினைத்து, தங்கப்பழம் கொடுக்கை வாசலுக்குக் குறுக்கே வைத்தான். அவள் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவன் முதுகு எப்படி இருக்கிறது என்று சொல்ல யாரும் இல்லை. யாருக்கும் அது தெரியவும் இல்லை.

வெள்ளையடிப்பவர்கள் வந்துவிட்டார்கள். நாற்காலிகளை எல்லாம் ஓரம் கட்டினார்கள். கடைக்காரரும் வாளியும் வலையுமாக வந்து சேர்ந்தார். பர்னாந்து பொந்துக்கு ஓடிவந்தான்.

தங்கப்பழம் தயாராக இருந்தான். அவசரப்படாமல் வெளியே வந்தான். கற்களுக்கு நடுவே போகாமல் மணல்மேலேயே நடந்து, விளக்கு நேராக விழுகிற இடத்துக்குப் போய் நின்றான். முதுகு நன்றாகத் தெரியும்படி திரும்பினான். பாராட்டுக்காகக் காத்திருந்தான்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் இசக்கி வாயைத் திறந்தாள். அந்தத் தொட்டியில் அவள் பேசி அன்றைக்குத்தான் எல்லாரும் கேட்டார்கள்.

"இது யாரு, புதுசா வந்திருக்காவளா?" என்றாள்.

தங்கப்பழம் பர்னாந்தைப் பார்த்தான். பர்னாந்து பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். தங்கப்பழம் முன்கண்ணாடியைப் பார்த்தான். வெள்ளையடிப்பதற்காக முன்னறை விளக்கைக் கழற்றியிருந்ததால் அன்றைக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி இருந்தது. அங்கே வெள்ளையடித்த சுவர் மாதிரி ஓட்டோடு ஒரு துறவி நண்டு நின்றது. ஐயோ பாவம், யாரோ சீக்காளி என்று நினைத்தான். கொடுக்கைத் தூக்கினான். அதுவும் தூக்கியது.

அவனுக்கு அழுகை வந்தது. இந்தத் தடவை அது வெளியே தெரியாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

கடைக்காரர் வலையைத் தண்ணீரில் இறக்கப்போனார். அந்த நேரம் பார்த்து, கன்னம் வீங்கிய ஒருவர் துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் நிலைமையைப் பார்த்ததும் டாக்டர் கடைக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு அவரை உள்ளறைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

தொட்டிக்குள் மாடத்தி தங்கப்பழத்தைச் சுற்றி வந்தாள். ஓட்டின் வாயோரம், மடிப்புக்குள், விரல்நகம் அளவுக்கு ரோஸ் நிறம் மிச்சம் இருந்தது. அந்தப் பக்கம் பொந்து வாசலைப் பார்த்து இருந்ததால் கொஞ்சம் வெளிச்சம் பட்டுப் பிழைத்திருந்தது. அதை அவள் எல்லாருக்கும் சொன்னாள்.

பர்னாந்துக்கு உயிர் வந்தது. அந்தப் பக்கத்தைக் கண்ணாடிக்கு நேரே காட்டிக்கொண்டு நிற்கும்படி தங்கப்பழத்திடம் சொன்னான். டாக்டர் வந்ததும் கண்ணில் படும், மனசு இளகும் என்றான்.

தங்கப்பழம் யோசித்தான். முழு ஓட்டோடு டாக்டர் தன்னைப் பார்த்து வாங்கியது நினைவுக்கு வந்தது. ஒரு நகம் அளவைக் காட்டி என்ன சொல்வது? இதையும் பொத்திக்கொண்டு கடைக்குப் போனால் வாளியிலேயே இதுவும் வெளுத்துவிடும். ஆனாலும் இது ஒன்றுதான் மிச்சம். இதுவும் போய்விட்டால் அவன் வெறும் நண்டு.

மாடத்தியிடம் திரும்பினான்.

"நீ அன்னைக்குச் சொன்னது நெசந்தானா?"

"நெசந்தான். பசியும் இருந்துச்சு."

"இப்பம்?"

"இப்பமும் பசி இருக்கு. ஒட்டும்னு சத்தியம் பண்ண என்னால முடியாது அண்ணாச்சி. ஒட்டினாத்தான் உண்டு."

அவள் ஆசை வார்த்தை காட்டாமல் பேசியது அவனுக்குப் பிடித்தது. அவ்வளவு நாளும் ஒதுங்கிப்போன பம்புப் பக்கமாகப் போனான். நீரோட்டம் முகத்தில் அடிக்கிற இடத்தில் ஒரு கல்லைக் கால்களால் இறுகப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டினான். அதே நேரம் உள்ளறையில் பல் சுரண்டுகிற மிஷின் ஊளையிட ஆரம்பித்தது. கன்னம் வீங்கியவர் ஏதோ கேட்பது மங்கலாகக் கேட்டது. தங்கப்பழமும் அதையேதான் கேட்டான்.

"வலிக்குமா?"

"ஓட்டுக்கு வலிக்காது. உங்களுக்குத்தான் வலிக்கும்" என்றாள் மாடத்தி.

ஐந்து பல்லும் ஓட்டில் இறங்கின. அந்தச் சத்தம் அவனுக்கு உள்ளுக்குள் முழங்கியது. கண்ணை இறுக மூட முடியாது, நண்டுக்கு இமை கிடையாது. ஆகவே எல்லாவற்றையும் பார்த்தான். மாடத்தி பாதி தின்றாள். பாதி ரோஸ் தூளாகக் கிளம்பியது. நீரோட்டம் அதை வாங்கித் தொட்டி முழுக்க வீசியது. விளக்கு வெளிச்சத்தில் அது மினுமினுத்துக்கொண்டே போய், கல்லில், மணலில், கண்ணாடியில் எங்கெல்லாமோ இறங்கிக் காணாமல் போயிற்று. பிறகு தண்ணீர் பழையபடி தெளிந்தது. தங்கப்பழத்திடம் ஒன்றும் இல்லை.

டாக்டர் அந்தத் தூள் பறந்துகொண்டிருக்கும்போதே வெளியே வந்திருந்தார். முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு அப்படியே நின்றார். இந்தக் காட்சி அவருக்குப் புதிதில்லை. பல்லைச் சுரண்டும்போது விளக்கடியில் இதே மாதிரி தூள் கிளம்பும். மூக்குக்கண்ணாடியில் இருக்கும், கையுறையில் இருக்கும், எட்டாத மூலையில் உள்ள தட்டிலும் இருக்கும்.

கடைக்காரர் வாளியை நிமிர்த்தினார்.

"இருங்க, எடுக்க வேண்டாம்" என்றார் டாக்டர். "சுரண்டுனது எங்கெல்லாம் போய் ஒட்டும்னு எனக்குத் தெரியும். மழைக்காலம் முடியட்டும். அப்புறம் பார்ப்போம்."

கடைக்காரர் காலி வாளியோடு போய்விட்டார். வெள்ளையடிப்பவர்கள் தொட்டிமேல் ஒரு பழைய சேலையைப் போர்த்திவிட்டு, வேலை முடிந்ததும் எடுத்தார்கள்.

அதன்பிறகு ரொம்ப நாள் ஒன்றுமே நடக்கவில்லை. டாக்டர் சுண்ணாம்புச் சத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். இசக்கி பச்சையைத் தின்றாள். தங்கப்பழம் பொந்துப் பக்கம் போகாமல் கல்லுக்குக் கல் ஏறி இறங்கிப் பார்த்தான். மாடத்தி முதல்முறையாகக் கொஞ்சம் பயந்தாள். ஒருவேளை தான் எல்லாவற்றையும் தின்றுதான் விட்டோமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மழை ஓய்கிற சமயத்தில் பர்னாந்து ஒரு பொட்டைக் கண்டுபிடித்தான். அது கல்லில் இல்லை. பம்பின் மூடிமேல் இருந்தது. யாரும் கேட்காத இடம். அடுத்தது முன்கண்ணாடியின் மூலையில் வந்தது. அப்புறம்தான் கற்களுக்கு மனசு வந்தது. ஒரு கல்லில் பொட்டு, இன்னொன்றில் வட்டம், பெரிய கல்லில் ஒரு கை அகலத்துக்குப் படலம். கன்னம் வீங்கியவர் மறுபடி வந்தபோது வீக்கம் வற்றியிருந்தது. கல்லுக்கு என்ன பெயிண்ட் அடித்தீர்கள் என்று டாக்டரிடம் கேட்டார்.

முன்கண்ணாடியில் படர்ந்தது உள்ளே இருப்பவர்களை மறைத்தது. டாக்டர் பிளேடை எடுத்து அதைச் சுரண்ட ஆரம்பித்தார். அவர் சுரண்டச் சுரண்டத் தூள் பறந்து மிச்சம் இருந்த கல்லுக்கும் போய்ச் சேர்ந்தது. டிவியைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

எல்லா இடத்துக்கும் வந்த பிறகு, கடைசியாக ஒருநாள், மாடத்தி தங்கப்பழத்திடம் சொன்னாள்.

"அண்ணாச்சி, உங்க முதுகுல ஒரு பொட்டு."

தங்கப்பழத்தால் அதைப் பார்க்க முடியாது. முதுகை அவள் பக்கமாகத் திருப்பினான்.

"பசிச்சா எடுத்துக்கோ" என்றான்.

மாடத்தி கூச்சப்படாமல் எடுத்துக்கொண்டாள். பாதி சிந்தியது. தங்கப்பழம் விளக்கடியிலேயே உட்கார்ந்து, அது போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தனக்கென்று பொத்தி வைத்தது இருந்த இடத்திலேயே வெளுத்துப்போகும். பிறர் எடுத்துக்கொள்ள விட்டதுதான் ஊரெல்லாம் பெருகி நம்மிடமும் திரும்பி வரும்.